வெட்டிய வாய்க்காலுக்கு மீன் எந்த வழியாக வரும்?
பேராக் கரையின் தோட்டக் கால்வாய்களும் சென்னையின் பக்கிங்காம் கால்வாயும்: ஓர் ஒப்பாய்வு

ஈப்போ சந்தையில் நாம் சியாக்காப் என்று கேட்டு வாங்கும் மீனைச் சென்னைக்காரர் கொடுவா என்பார். மீன் ஒன்றுதான். அது முட்டையிடுவது கடலை ஒட்டிய கழிமுகத்தில். குஞ்சு வளர்வது உப்பு குறைந்த உள்வாய்க்கால்களில். தெலுக் இந்தான் பக்கத்து ஆறுகளில் பிடிபடும் ஊடாங் காலாவுக்கு இதற்கு நேர்மாறான வாழ்க்கை. அந்தப் பெரிய இறால் வளர்வது நன்னீரில். அதன் குஞ்சு பொரிந்து பிழைப்பதற்கோ உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். ஒன்று மேலே ஏறி வர வேண்டும், மற்றொன்று கீழே இறங்கிப் போக வேண்டும். இரண்டுக்கும் வழி ஒன்றே.

அந்த வழியை மனிதன் வெட்டிக் கொடுத்த இடங்கள் உண்டு. அவனே அடைத்த இடங்களும் உண்டு. மலேசியாவில், பேராக்கின் தென்மேற்குக் கரையில் பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் வட்டாரங்களில் தோட்டங்களுக்காக வெட்டப்பட்ட வடிகால்கள் ஒரு பக்கம். ஆந்திரக் கரையில் பெத்தகஞ்சாமிலிருந்து எண்ணூர், சென்னை, முட்டுக்காடு வழியாக மரக்காணம் பக்கம் வரை ஓடும் பக்கிங்காம் கால்வாய் மறுபக்கம். இரண்டும் மனிதன் வெட்டியவை. இரண்டிலும் உவர்நீர். இரண்டின் கரையிலும் தமிழர் வாழ்கிறார்கள். ஆனாலும் மீன் பிழைப்பதற்கு இரண்டிலும் உள்ள தடை வேறுவேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், எதை எங்கே சரிசெய்வது என்பதும் புரியும்.

வெட்டிய கைகள்

பக்கிங்காம் கால்வாய் ஒரே மூச்சில் வெட்டப்பட்டதன்று. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய தனியார் கால்வாய்தான் அதன் தொடக்கம். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. தாது வருஷப் பஞ்சம் தமிழகத்தை வாட்டிய 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878இல் அதற்கு வந்தது. மொத்த நீளம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழகத்தில் ஓடுவது 163 கிலோமீட்டர். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போவதற்காக வெட்டிய வழி அது. மீனை நினைத்து யாரும் மண்வெட்டி பிடிக்கவில்லை.

பேராக் கரையில் வெட்டியதும் மீனுக்காக அன்று. அங்கே சதுப்பை வடித்து நிலமாக்க வேண்டியிருந்தது. வடக்கே கிரியானில் முதலில் கரும்புத் தோட்டங்கள் வந்தன. கோலா குலா என்ற ஊர்ப்பெயரில் உள்ள குலா, மலாயில் சர்க்கரையைக் குறிக்கும். பிறகு ரப்பர் வந்தது. தெற்கே ஜென்டராட்டா தோட்டத்தை 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ரப்பருக்காகத் தொடங்கினார். ரப்பர், தென்னை, பிறகு செம்பனை என்று பயிர் மாறினாலும் தோட்டத்தின் முதல் வேலை மாறவில்லை: கடலோரம் மண்கரை எழுப்புவது, உள்ளே கட்டம் கட்டமாக வடிகால் வெட்டுவது, அவை ஆற்றையோ கடலையோ தொடும் இடத்தில் மதகு வைப்பது. தமிழரோடு சீனரும் ஜாவானியரும் பஞ்சார் மக்களும் இந்தக் கரையில் சேற்றில் நின்று மண் அள்ளியிருக்கிறார்கள்.

பஞ்சத்துக்கு ஊரில் கால்வாய் வெட்டியவனும் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி வந்து இங்கே சதுப்பில் நின்றவனும் ஒரே நாட்டுப்புறத்து ஆட்கள். இந்த ஒப்பீட்டை எழுதத் தூண்டிய முதல் காரணம் அதுதான்.

கடல் ஏறி இறங்கும் விதம்

வெட்டிய கை ஒன்றாக இருந்தாலும் கடல் ஒன்றன்று. மலாக்கா நீரிணையின் பேராக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெருக்குக்கும் வத்துக்கும் உள்ள உயர வேறுபாடு இரண்டு மீட்டரைத் தாண்டும். சென்னைக் கரையில் அதே நாட்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே பேராக்கில் கடல் நாளுக்கு இருமுறை பலத்தோடு உள்ளே தள்ளும். சென்னையில் மெல்லத்தான் நுழையும்.

மழையும் அப்படியே. பேராக்கில் ஆண்டு முழுதும் பரவலாக மழை. ஆற்றில் எப்போதும் தண்ணீர். சென்னைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்கிறது. கோடையில் பக்கிங்காமின் சில பகுதிகளில் வெயில் தண்ணீரை உறிஞ்சி, கடலைவிட உப்புக் கூடிவிடுவதும் உண்டு. மழைக்காலத்தில் அதே இடம் நன்னீர்போல் ஆகிவிடும்.

இயற்கையாகப் பார்த்தால் பேராக் கரை மீனுக்கு வாய்ப்பான இடம். மாத்தாங் அலையாத்திக் காடு இதற்குச் சாட்சி. சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டை வனத்துறை 1902 முதல் காத்து வருகிறது. அதன் ஓடைகளில் கடல் மீனும் இறாலும் குஞ்சாக நுழைந்து வளர்கின்றன. தெற்கே சிலாங்கூர் அலையாத்தி ஓடைகளில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வில் 119 வகை மீன்களும் 9 வகை இறால்களும் பதிவாயின; பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை இளங்குஞ்சுகள். அதே நீரிணை, அதே சேறு. அப்படியிருக்க, சற்றுத் தள்ளித் தோட்ட வடிகாலில் மட்டும் ஏன் அந்த மீன்கள் இல்லை?

மதகும் மணல்மேடும்

இதற்கு விடையைப் பாகான் டத்தோ பக்கத்து மதகு ஒன்றின் அருகே கண்ணால் பார்த்தேன். வத்து நேரம். வடிகாலின் பழுப்புத் தண்ணீர் மதகின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே கொட்டியது. கதவு மேலே கீல் வைத்துத் தொங்குவது. உள்ளே தண்ணீர் உயர்ந்தால் வெளிப்பக்கமாகத் திறக்கும். வெளியே கடல் உயர்ந்தால் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கடல் திரும்பியது. தண்ணீர் ஏற ஏறக் கதவு மெதுவாகச் சாய்ந்து, கடைசியில் ஒரு கனத்த ஓசையோடு மூடியது. சற்று நேரத்தில் வெளிப்பக்கத்தில் பெலானாக் குஞ்சுகள், தமிழகத்தில் மடவை என்பார்களே அவை, கதவை ஒட்டித் துள்ளத் தொடங்கின. இரண்டு வெள்ளைக் கொக்குகள் கற்சுவரின் மேல் வந்து நின்றன. அவை அந்த நேரத்துக்காகவே வந்தவை போலிருந்தது.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், என்னிடம் சொன்னார்: "ஆயர் பாசாங் ஏறும்போதுதான் தம்பி மீன் உள்ள வரப் பாக்கும். அந்த நேரத்துலதான் இந்தக் கதவு சாத்திக்குது. அப்புறம் எப்பிடி உள்ள மீன் இருக்கும்?"

பல ஆய்வுகள் சொல்வதும் இதையேதான். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் நீந்தி வருவதைவிடப் பெருக்கின் முதுகில் ஏறி வருவதே அதிகம். அவ்வளவு சிறிய உடலுக்கு அதுதான் வண்டி. தோட்ட மதகோ பெருக்கில் மூடி வத்தில் திறக்கும்படி செய்யப்பட்டது. உப்பைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, மீனின் கால அட்டவணைக்கு நேர் எதிராக அமைந்துவிட்டது. வத்தில் கதவு திறந்திருக்கும்போது உள்ளிருந்து பாயும் நீரின் வேகத்தை எதிர்த்து ஏறக்கூடிய குஞ்சு குறைவு.

ஊடாங் காலாவுக்கு இன்னொரு விதமான நட்டம். அதன் குஞ்சுக்கு உவர்நீர் தேவை என்ற உண்மையைப் பினாங்கு குளுகோரில் இருந்த மீன் ஆய்வு நிலையத்தில் சாவ்-வென் லிங் 1961இல் கண்டறிந்தார். உலகம் முழுதும் இன்று நடக்கும் காலா இறால் வளர்ப்புக்கு அடித்தளம் அதுதான். சினை இறால் உப்பைத் தேடி இறங்குவதற்கு மதகு வழிவிடும். அங்கே பிறந்த குஞ்சு வளர்ந்து வீடு திரும்பும்போது வழி அடைபட்டிருக்கும்.

பக்கிங்காமுக்கு இத்தகைய கதவு இப்போது கிடையாது. படகுப் போக்குவரத்துக்காக ஒருகாலத்தில் நீர்ப்பூட்டுகள் இருந்தன. படகுகளோடு அவையும் பயனற்றுப் போயின. பழவேற்காடு, எண்ணூர், கூவம், அடையாறு, முட்டுக்காடு, பாலாறு என்று ஒவ்வொரு முகத்துவாரத்தின் வழியாகவும் கடல் கால்வாய்க்குள் வருகிறது. இங்கே வழியை அடைப்பது மணல். வங்கக் கடலோரம் மணல் ஆண்டு முழுதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதங்களில் முகத்துவாரத்தில் மேடு கட்டிவிடும். கோடையில் கூவத்தின் வாயில் மண் அள்ளும் இயந்திரம் நிற்பதைச் சென்னைவாசிகள் பார்த்திருப்பார்கள். ஆனால் மணல்மேடு நிரந்தரமானதன்று. ஒரு நல்ல மழை வந்தால் ஆறு அதை உடைத்துக்கொண்டு போகும். அந்த வழியாகக் குஞ்சுகள் வரும். பேராக் மதகுக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது. அது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பெருக்குக்கும் மூடும்.

மண்ணின் புளிப்பு, ஊரின் கழிவு

வழி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் தண்ணீரில் மூச்சு விட முடிய வேண்டும்.

பேராக் கரைச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அலையாத்தியின் அழுகலில் சேர்ந்த பைரைட் என்னும் கந்தக இரும்பு இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது சாது. வடிகாலை ஆழமாக வெட்டி நிலத்தை உலரவிட்டால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அடுத்த மழையில் அந்த அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு வடிகாலில் இறங்கும். அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். இரும்பு கரையில் துருநிறப் படலமாகப் படியும். இங்கே நம் கண்ணை ஏமாற்றும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். அமில வடிகாலின் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அடிமண் வரை தெரியும். அலுமினியம் களிமண் துகளைத் திரட்டிக் கீழே இறக்கிவிடுவதால் வந்த தெளிவு அது. அந்தத் தண்ணீரில் ஒரு குஞ்சுகூட இராது. கலங்கிய வாய்க்கால்தான் உயிருள்ள வாய்க்கால்.

பக்கிங்காமின் நஞ்சு மண்ணிலிருந்து வரவில்லை, ஊரிலிருந்து வருகிறது. சென்னை நகருக்குள் அதில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே நிற்கின்றன. வடக்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் கழிமுகத்தை மேடாக்கி, அங்கே வளர்ந்த மீனையும் இறாலையும் சிறிது சிறிதாக விரட்டிவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் முழுதும் பரவியது. மீனவர் வலையும் படகும் கறுத்தன; அலையாத்தி மரங்களின் தண்டில் எண்ணெய் ஏறிய கோடு பதிந்தது.

ஆக, பேராக்கில் தண்ணீர் கெடுவது நாம் நிலத்தை உலர்த்திய விதத்தால். சென்னையில் கெடுவது நாம் கொட்டியவற்றால்.

கூடையில் என்ன மீன்?

பேராக் மதகுக்கு உட்புறம் தூண்டில் போட்டால் கிடைப்பவை திலாப்பியா, கெலி, ஹருவான் என்கிற விரால், புயூ என்கிற பனையேறிக்கெண்டை. எல்லாம் நன்னீர் மீன்கள், அல்லது எதையும் தாங்குபவை. விராலும் கெலியும் பனையேறியும் காற்றையே சுவாசிக்கக் கூடியவை என்பதால் மூச்சுமுட்டும் தண்ணீரிலும் பிழைக்கின்றன. மதகுக்கு வெளியே பத்து அடி தள்ளித் தூண்டில் போட்டால் பட்டியல் முழுதும் மாறிவிடும்: பெலானாக், டூரி, செம்பிலாங், கெலாமா, அதிர்ஷ்டம் இருந்தால் சியாக்காப். ஒரு கதவின் தடிப்புதான் இரண்டு உலகத்துக்கும் இடையே உள்ள தூரம்.

பக்கிங்காமில் பிரிவினை கால்வாயின் நீளத்தில் இருக்கிறது. நகருக்குள் ஜிலேபிக் கெண்டையைத் தவிர அதிகம் எதிர்பார்க்க முடியாது. தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் போனால் மடவை, கொடுவா, கிழங்கான், கெளுத்தி, மலையாளிகள் கொண்டாடும் கரிமீன், வெள்ளை இறால், களிநண்டு என்று கூடை நிறைந்துவிடும். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் முட்டுக்காட்டில் தன் ஆய்வு நிலையத்தை வைத்திருப்பதும், 1997இல் இந்தியாவில் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பில் வெற்றி கண்டதும் அந்தத் தண்ணீரின் வளத்தை நம்பித்தான். ஒரே கால்வாய், முப்பது கிலோமீட்டருக்குள் சாவும் வாழ்வும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான மீன் ஒன்று உண்டு. இங்கே திலாப்பியா, அங்கே ஜிலேபி. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பரவியதால் பழையவர்கள் அதை ஜப்பான் மீன் என்பார்கள். இந்தியாவுக்கு 1952இல் வந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மீன் உப்பையும் அழுக்கையும் தாங்கும். வாயிலேயே குஞ்சைக் காப்பாற்றும். கடலுக்குப் போக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. வழி அடைபட்ட வாய்க்காலிலும், தண்ணீர் கெட்ட வாய்க்காலிலும் கடைசியில் மிஞ்சுவது அதுதான். ஒரு வாய்க்காலில் திலாப்பியாவைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால் அந்த வாய்க்காலுக்கு நோய் என்று அறிந்துகொள்ளலாம்.

பிடிப்பவர்களையும் பார்க்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் இருளர் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. விரல் நுனியே தூண்டில். அந்தச் சேற்றில் சாம்பலும் எண்ணெயும் கலந்தால் முதலில் அறிவது அவர்களின் தோல்தான். பேராக் கரையில் தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போகாமல் தங்கிய முதியவர்களுக்கும் வடிகால் மீன் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு மேல் வந்த சோறு. லயத்து வாசலில் காய்ந்த கருவாடு கடைக்குப் போன கருவாடன்று. இரண்டு இடத்திலும் மீன் குறைவதன் நட்டம், கணக்கில் வராத ஏழை வீட்டு அடுப்பில்தான் முதலில் விழுகிறது.

திறந்து பார்த்தவர்கள்

மதகைத் திறந்தால் உப்பு ஏறிப் பயிர் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. நெல்லும் செம்பனையும் உப்பைத் தாங்கா. ஆனால் முழுதாகத் திறப்பதும் முழுதாக மூடுவதும் தவிர வேறு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் நகருக்கு எதிரே ஈஸ்ட் டிரினிட்டி என்ற இடத்தில், 1970களில் கரும்புக்காக அலையாத்திச் சதுப்பைக் கரை கட்டி உலர்த்தினார்கள். பேராக் கதைதான்: மண் புளித்தது, மீன் செத்து மிதந்தது. பிறகு குவீன்ஸ்லாந்து அரசு அந்த நிலத்தை வாங்கி, மதகைப் படிப்படியாகத் திறந்து, சுண்ணாம்பின் துணையோடு கடல்நீரை மீண்டும் உள்ளே விட்டது. கடல்நீரிலுள்ள காரம் அமிலத்தைத் தணித்தது. நனைந்த மண்ணில் புதிய அமிலம் உண்டாவது நின்றது. அலையாத்தியும் மீனும் திரும்பி வந்தன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தஞ்சைக் கடைமடையில் முத்துப்பேட்டை மீனவர்கள் காயலிலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் தாங்களே வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். தூர்ந்தால் அவர்களே தூர்வாருவார்கள். அங்கும் பிச்சாவரத்திலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டுச் சீரழிந்த காட்டை மீட்டன. ஆக, மனிதன் வெட்டிய வாய்க்கால் என்பதாலேயே மீனுக்கு ஆகாது என்பதில்லை. வாய் திறந்தும் தண்ணீர் உயிரோடும் இருந்தால் மீன் வெட்டியவன் யார் என்று கேட்பதில்லை.

முடிவாக

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான். பக்கிங்காமில் வழி இருக்கிறது, தண்ணீர் இல்லை. பேராக்கில் தண்ணீரை மீட்க முடியும், வழி இல்லை. மீனுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டு குறைகளும் ஒரே கனமுடையவை அல்ல. பக்கிங்காமைத் தேற்ற ஒரு மாநகரமே தன் சாக்கடையைச் சுத்திகரிக்கப் பழக வேண்டும். மின்நிலையங்கள் தம் சாம்பலைத் தம் எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அது பல ஆண்டுப் போராட்டம், அதை எண்ணூர் மீனவர்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். பேராக்கில் தேவைப்படுவது சிறியது.

ஆகவே பேராக் கரையின் தோட்ட நிர்வாகங்களையும் நீர்ப்பாசன வடிகால் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். முக்கிய வடிகால்களில் ஓரிரண்டைத் தேர்ந்தெடுங்கள். கடலை ஒட்டிய முதல் துண்டில் மட்டும் உப்பை அனுமதித்து, அதற்கு உள்ளே இரண்டாவது மதகு வைத்துப் பயிரைக் காத்துக்கொள்ளுங்கள். வெளிக்கதவில் ஒரு சிறு திறப்பு விடுங்கள். பெருக்கின் முதல் சில மணி நேரம் அது திறந்திருக்கட்டும், தண்ணீர் குறித்த அளவு உயர்ந்ததும் மூடட்டும். வடிகாலின் நீர்மட்டத்தைப் பைரைட் மண்ணுக்கு மேலே நிறுத்துங்கள். அது செம்பனைக்கும் நல்லது என்பதைத் தோட்டக்காரர்கள் ஏற்கெனவே அறிவார்கள். உள்ளே என்ன மீன் வருகிறது என்று மாதம் ஒருமுறை பக்கத்துப் பள்ளி மாணவர்களைக் கொண்டே எண்ணிப் பாருங்கள்.

மண்கரையும் மதகும் நம் பாட்டன்மார் சேற்றில் நின்று கட்டியவை. அவற்றை இடிக்கச் சொல்லவில்லை. பெருக்கு ஏறும் நேரத்தில் அந்தக் கதவில் ஒரு கையகலம் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். மடவைக் குஞ்சுகள் வெளியே காத்திருக்கின்றன.